முதலில் ஊர் திரும்பியவன்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கிடங்கின் மூலையில் ஒரு அட்டைப்பெட்டி முளைத்துவிடும். ஷார்ஜாவில் என்னோடு வேலை பார்க்கும், பிலிப்பைன்ஸின் செபு தீவுக்காரர் ஒருவருடையது அது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அவரைக் ‘கூயா’ என்பேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னை ‘பாரே’ என்பார். முதல் ஒரு மாதம் எதையோ பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊர் மச்சான், மாப்ளே மாதிரி அது ஒரு விளி. ஒவ்வொரு சம்பளத்துக்கும் அந்தப் பெட்டிக்குள் ஏதாவது சேரும். டின் மாட்டிறைச்சி, பற்பசை, சோப்பு, சாக்லேட், மகளுக்கு ஷூ. பக்கவாட்டில் புடைக்கும் அளவுக்கு நிரம்பியதும் டேப் சுற்றிக் கப்பலில் ஏற்றிவிடுவார். கிறிஸ்துமஸுக்குள் வீடு போய்ச் சேர வேண்டும், அதுதான் கணக்கு.

பாலிக்பாயன் பெட்டி என்று இதற்குப் பெயர். பாலிக் என்றால் திரும்புவது. பாயன் என்றால் ஊர். நாடு என்பதற்கும் அதே பாயன்தான், மக்கள் என்பதற்கும் அதேதான். வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர் பாலிக்பாயன். அவர் வரமுடியாத வருஷங்களில் அவருக்குப் பதிலாகப் பெட்டி போகும்.

இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்திருக்கிறதே என்றுதான் ‘பாலிக்பாயன் நம்பர் 1’ படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். இயக்கியவர் கிட்லாட் தாஹிமிக். காலனியே ஆகாத ஒரு பிலிப்பைன்ஸைக் கற்பனை செய்யும் படம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதனால் தங்கக் கிரீடம், யானைப்படை, கடற்போர் என்று ஏதேதோ எதிர்பார்த்தேன். முதல் அரைமணி நேரத்தில் நான் பார்த்தது, ஒரு வெள்ளைக்காரன் தொட்டியில் உட்கார்ந்திருக்க ஓர் அடிமை அவன் முதுகைத் தேய்த்துவிடுவதை.

அந்த அடிமையின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

1511இல் போர்ச்சுக்கீசியர்கள் மலாக்காவைப் பிடித்தபோது அந்தப் படையில் இருந்த மகெல்லன் அங்கே ஓர் இளைஞனை அடிமையாக வாங்கினான். ஞானஸ்நானப் பெயர் என்ரிக்கே. அவனுடைய சொந்தப் பெயர் எந்த ஆவணத்திலும் கிடையாது. மகெல்லன் 1519 ஆகஸ்டில் செவில்லில் எழுதிய உயிலில், நான் இறந்தால் என்ரிக்கேக்கு விடுதலை, கூடவே 10,000 மரவெதி பணம் என்று இருக்கிறது. ஸ்பெயின் அரசனுக்காக மகெல்லன் தலைமையில் கப்பல்கள் மேற்கே கிளம்பி, அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி, பசிபிக்கில் பட்டினி கிடந்து, 1521 மார்ச்சில் இன்றைய பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தன. மார்ச் 28ஆம் தேதி லிமாசாவா தீவுக்கு அருகே ஒரு படகில் எட்டுப் பேர் வந்தார்கள், என்ரிக்கே அவர்களோடு பேசினான், அவர்களுக்குப் புரிந்தது. கூடவே போன இத்தாலிக்காரர் பிகாஃபெட்டா இதைக் குறித்து வைத்திருக்கிறார். மலாக்காவிலிருந்து மேற்கே போனவன், மேற்கே போய்க்கொண்டே இருந்து, தான் பேசும் மொழி புரியும் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

ஏப்ரல் 27இல் செபுவை ஒட்டிய மக்தான் தீவின் கரையில், அந்தத் தீவுத் தலைவன் லாப்புலாப்புவின் ஆட்கள் மகெல்லனைக் கொன்றார்கள். உயில்படி என்ரிக்கே அன்றைக்கே சுதந்திர மனிதன். ஆனால் மகெல்லனுக்குப் பிறகு தலைமைக்கு வந்த துவார்த்தே பார்போசா அதை ஏற்கவில்லை. கரைக்குப் போய் வேலையைப் பார், ஸ்பெயினுக்குத் திரும்பியதும் உன் எஜமானியம்மாவிடம் அடிமையாகக் கொண்டுபோய் விடுவேன் என்றான். மே 1ஆம் தேதி செபுவின் அரசன் ஹுமாபோன் ஒரு விருந்து வைத்தான். விருந்துக்குப் போன இருபதுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள். என்ரிக்கே ஹுமாபோனோடு சேர்ந்து போட்ட திட்டம் இது என்கிறார் பிகாஃபெட்டா. அதோடு வரலாற்றிலிருந்து அவன் காணாமல் போகிறான். கடைசியில் கப்பலுக்குத் தலைமை ஏற்ற எல்கானோவும் மிச்சமிருந்தவர்களும், மொத்தம் 18 பேர், 1522 செப்டம்பரில் விக்டோரியா கப்பலில் ஸ்பெயின் போய்ச் சேர்ந்து, உலகைச் சுற்றிய முதல் மனிதர்கள் என்ற பெயரை வாங்கிக்கொண்டார்கள்.

என்ரிக்கே உண்மையில் எந்த ஊர்க்காரன்? உயில் மலாக்கா என்கிறது, பிகாஃபெட்டா சுமத்ரா என்கிறார். செபுவைச் சேர்ந்தவன், சின்ன வயதில் கடத்தப்பட்டு மலாக்கா சந்தைக்குப் போனவன் என்று பிலிப்பைன்ஸ் வரலாற்றாசிரியர் கார்லோஸ் கிரினோ ஒரு யோசனை சொன்னார். அப்படியானால் உலகை முதலில் முழுவட்டமாகச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தவன் ஒரு பிலிப்பினோ அடிமை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. மலாய் அன்றைக்குத் துறைமுகங்களின் வியாபார மொழி, தீவு அரசர்கள் அதை அறிந்திருந்தார்கள், அவர்களோடு பேச முடிந்ததை வைத்து ஊரைத் தீர்மானிக்க முடியாது. எங்கள் கிடங்கில் எல்லோரோடும் நான் ஹிந்தியில்தான் பேசுகிறேன், அதனால் நான் கான்பூர்க்காரன் ஆகிவிடுவேனா? கூயாவுக்கு இதெல்லாம் செல்லாது. “எங்க ஊர்ப் பையன்தான், சந்தேகமே வேண்டாம்” என்பார்.

தாஹிமிக்கும் கூயா கட்சிதான். ஆனால் அவர் அதை வரலாறாக நிரூபிக்க வரவில்லை, விளையாடிப் பார்க்க வருகிறார். 1979 வாக்கில் படத்தைத் தொடங்கினார். என்ரிக்கேயாக அவரே நடித்தார். கொஞ்சம் எடுத்தார், நின்றுவிட்டது. பிள்ளைகள் வளர வேண்டும், அப்பாவாக வீட்டில் இருக்க வேண்டும், காசும் கிடையாது. முப்பது வருஷம் கழித்து மறுபடி கையில் எடுத்தபோது என்ரிக்கேக்குத் தலை வெளுத்துவிட்டது. பழைய 16 எம்எம் காட்சியில் கருகருவென்று முடியோடு முதுகு தேய்க்கும் பையன், அடுத்த காட்சியில் டிஜிட்டல் வீடியோவில் மலைக்காட்டில் மரம் செதுக்கிக்கொண்டிருக்கும் கிழவர். இரண்டும் ஒரே ஆள். ஒப்பனை கிடையாது, வயதுதான் ஒப்பனை. 2015இல் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டி காலிகாரி விருது வாங்கினார், அப்புறமும் படத்தை விடாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்.

படம் எல்லோருக்கும் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டரை மணி நேரம் ஓடுகிறது, நடுவில் சில இடங்களில் குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவது போல் ஆகிவிடுகிறது, மகெல்லனாக வருபவர் நாடகத் தனமாக இருக்கிறார், உடைகள் பள்ளிக்கூட ஆண்டு விழா ரகம். நான் ஒரே மூச்சில் பார்க்கவில்லை, இரண்டு வெள்ளிக்கிழமைகள் ஆயின. ஆனால் அந்த ஏழ்மையும் கோணலும் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் ‘நாங்கள் அடிமைப்படாமல் இருந்திருந்தால்’ என்ற கற்பனை உலகம் முழுக்க ஒரே அச்சில்தான் வருகிறது. எஜமானனிடம் இருந்ததெல்லாம் எங்களிடமும் இருந்தது: அரண்மனை, பேரரசு, பீரங்கி, கப்பற்படை. பிலிப்பைன்ஸில் அதற்கு ஒரு பெயர்கூட உண்டு, மஹார்லிகா. இரண்டாம் பிலிப் என்ற ஸ்பானிய ராஜாவின் பெயரை இன்னும் ஏன் நாட்டுக்கு வைத்திருக்கிறோம், மஹார்லிகா என்று மாற்றுவோம் என்று 1978இல் ஒரு மசோதாவே வந்தது. 2019இல் அப்போதைய அதிபர் துத்தெர்த்தே அதை மறுபடி கிளப்பினார். ராஜவம்சம் என்று பொருள் என்று நம்புகிறவர்கள் அங்கே நிறைய. பழைய குறிப்புகளில் மஹார்லிகா ராஜா அல்ல. தாத்து என்ற தலைவனுக்குக் கீழே, வரி கட்டாமல், அவன் சண்டைக்குப் போனால் கூடவே போகக் கடமைப்பட்ட சுதந்திர மனிதன். சொல்லின் வேர் சமஸ்கிருத மஹர்த்திகா. அதே வேரிலிருந்து மலாயில் வந்த சொல் நம் எல்லோருக்கும் தெரியும், மெர்டேக்கா, சுதந்திரம். அந்தப் பகுதியில் அது விடுதலை பெற்ற அடிமையைக் குறித்தது. ராஜவம்சம் என்று நினைத்துத் தூக்கிய பெயரைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் விடுவிக்கப்பட்ட ஓர் அடிமை நிற்கிறான். உயிலில் விடுதலை எழுதப்பட்டும் கிடைக்காமல் போன என்ரிக்கேயை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன், பொருத்தமாகத்தான் இருந்தது.

இந்தப் பெருமைத் தொழிலில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. செபு அரச வம்சத்தை நிறுவியவர் ஸ்ரீ லுமாய், அவர் ஒரு சோழ இளவரசர் என்ற செய்தி வருஷத்துக்கு நாலு தடவையாவது என் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. அந்தக் கதைக்கு ஆதாரம் 20ஆம் நூற்றாண்டில் வெளியான ஒரு நாட்டுப்புறக் காவிய நூல், வரலாற்றாசிரியர்கள் அதைச் சான்றாக எடுப்பதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு இருக்கிறது. 1989இல் லகுனா மாகாணத்தில் ஆற்று மணலில் ஒரு செப்பேடு கிடைத்தது. சக வருடம் 822, அதாவது கி.பி. 900. நம்வரன் என்பவரின் கடன், ஒரு கட்டி எட்டு சுவர்ணம் எடையுள்ள தங்கம், தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்த பத்திரம். எழுத்து காவி, நம் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. மொழி பழைய மலாய், நடுநடுவே சமஸ்கிருதம். அதுவரை அந்த நாட்டின் எழுதப்பட்ட வரலாறு பிகாஃபெட்டாவின் 1521இல்தான் தொடங்கியது, அந்தத் தகடு அதை ஒரேயடியாக 621 வருஷம் பின்னால் தள்ளிவிட்டது. படையெடுப்பு இல்லை, வெற்றித்தூண் இல்லை, ஒரு குடும்பம் கடன்பிடியிலிருந்து வெளியே வந்த ரசீது. எனக்கு இது சோழ இளவரசரைவிட ஆயிரம் மடங்கு பிடித்திருக்கிறது. (முருங்கைக்கு அவர்கள் சொல்வது மலுங்காய். கூயா வாரம் ஒருமுறை அதன் கீரையைக் கோழிச் சாற்றில் போட்டுக் குடிப்பார். நமக்கு இவ்வளவு போதாதா?)

சரி, படத்துக்கு வருகிறேன். தாஹிமிக்கின் சொந்தக் கதையே ஒரு பாலிக்பாயன் கதை. 1942இல் பாகியோ நகரத்தில் எரிக் தெ கியாவாகப் பிறந்தார். அமெரிக்காவின் வார்ட்டனில் எம்பிஏ, பாரிஸில் ஓஇசிடி அமைப்பில் பொருளாதார ஆய்வு வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டார், பட்டச் சான்றிதழைக் கிழித்தார், பெயரையும் மாற்றிக்கொண்டார். கிட்லாட் தாஹிமிக் என்றால் சத்தமில்லாத மின்னல். 1977இல் எடுத்த முதல் படத்தில் லகுனாவின் ஒரு கிராமத்து ஜீப்னி ஓட்டுநராக வருவார், ஜீப்னி என்பது அந்த ஊர் ஷேர் வண்டி. ராக்கெட் விஞ்ஞானி ஃபான் பிரவுனுக்கு ரசிகர் மன்றத் தலைவர், விண்வெளிக் கனவோடு பாரிஸ் போய் அங்கே சூயிங்கம் இயந்திரங்களுக்கு மிட்டாய் நிரப்பும் வேலையில் மாட்டிக்கொள்வார். பெர்லினில் சர்வதேச விமர்சகர் விருது வாங்கிய படம். 2018இல் அரசாங்கம் அவரைத் தேசியக் கலைஞர் ஆக்கிவிட்டது. மூங்கிலில் செய்த ஒரு பொம்மைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் கோவணம் கட்டி, ஊர் ஊராகப் போவார். பஹாக் என்று அதற்குப் பெயர், மலைமக்களின் உடை.

அந்தக் கோவணத்தில்தான் விஷயம் இருக்கிறது. பாகியோ இருப்பது வட லூசோனின் கொர்தில்லேரா மலைகளில். இபலோய், கன்கனாய், இஃபுகாவோ என்று பல இனங்கள், வெளியார் மொத்தமாக இகோரோட் என்பார்கள். தங்கம் தேடி 1620களிலேயே ஸ்பானியப் படைகள் மலை ஏறின, நிலைக்க முடியாமல் இறங்கின. சமவெளி முழுக்க 333 வருஷம் சர்ச் மணியோசைக்கு முழந்தாளிட்டபோது இந்த மலைகளின் பெரும்பகுதியை ஸ்பெயினால் அடக்க முடியவே இல்லை. காலனியாகாத பிலிப்பைன்ஸ் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவர்கள் கற்பனையெல்லாம் செய்ய வேண்டாம், மணிலாவிலிருந்து பஸ் பிடித்தால் போதும்.

ஆனால் அந்த நாடு அவர்களை என்ன சொன்னது? காட்டுமிராண்டி, வாலுள்ளவன். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுப்பேரவைக்கே பின்னாளில் தலைவராக இருந்த கார்லோஸ் ரோமுலோ 1943இல் எழுதிய நூலில் இகோரோட் பிலிப்பினோ அல்ல என்று எழுதினார். ஞானஸ்நானமும் ஸ்பானியக் குடும்பப்பெயரும் பெற்றவன்தான் பிலிப்பினோ, 1849இல் ஆளுநர் கிளவெரியா ஒரு பெயர்ப்பட்டியல் அனுப்பி ஊர் ஊராகப் பங்கிட்ட பெயர்கள் அவை. அடிமைப்பட்டவன் அடிமைப்படாதவனைப் பார்த்து நீ என் நாட்டுக்காரன் இல்லை என்கிறான். இது கொடுமை என்று எனக்குத் தெரியும், ஆனால் அதில் ஒரு நேர்மையான ஒப்புதலும் இருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளை ஒரே நாடாகக் கட்டியதே அந்தக் காலனிதான். அது இல்லையென்றால் ஹுமாபோன் செபுக்காரன், லாப்புலாப்பு மக்தான்காரன், அவ்வளவுதான். இருவருக்கும் நடுவே ஒரு கால்வாய் அகலத் தண்ணீர், மகெல்லன் செத்ததே அந்தப் பங்காளிச் சண்டையில் தலையிட்டு. 2025இல் வந்த ‘மகெல்லன்’ படத்தில் லாவ் டியாஸ் இன்னும் ஒரு படி போய், லாப்புலாப்பு என்ற ஆளே ஹுமாபோன் கட்டிவிட்ட கதை என்கிறார். செபுவில் யாரும் அதை ரசிக்கவில்லை, கூயா உட்பட. அன்றைக்கு பாயன் என்றால் ஊர். நாடு என்ற இரண்டாவது அர்த்தம் பிறகுதான் அதன்மேல் ஏறியது.

மலை மட்டும் தீண்டப்படாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. இஃபுகாவோவின் படிக்கட்டு வயல்களை இரண்டாயிரம் வருஷப் பழமை என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1995இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தன. தொல்லியலாளர் ஸ்டீபன் அக்காபாடோவின் குழு தோண்டிப் பார்த்துவிட்டு, அங்கே நெல் வயல்கள் பெருகியது சுமார் நானூறு வருஷங்களுக்கு முன்னால்தான் என்கிறது. அதாவது ஸ்பானியர் வந்த பிறகு. அவர்களுக்குப் பிடிகொடுக்காமல் மலைக்குள் போனவர்கள், கூட்டம் சேர்ந்து, சோறு வேண்டி வெட்டிய படிகள் அவை. ஆதிகாலத்து மிச்சம் என்று நாம் போட்டோ எடுத்துக்கொள்வது, ஓடிப்போனவர்கள் கட்டிய கோட்டை. எனக்கு இது அந்த வயல்களின் மதிப்பைக் குறைக்கவில்லை, இரண்டாயிரம் வருஷம் சும்மா இருந்ததைவிட நானூறு வருஷம் முரண்டு பிடித்தது பெரிசு.

தாஹிமிக் இந்த இஃபுகாவோ மரச்செதுக்குக் கலைஞர்களோடு பல வருஷம் பழகியவர். அவருடைய கிழட்டு என்ரிக்கே மரம் செதுக்குவது அங்கிருந்து வந்தது. தான் பார்த்த உலகத்தை மரத்தில் செதுக்கித் தோட்டத்தில் நிறுத்துகிறான். எழுதுவதற்கு அவனுக்கு பிகாஃபெட்டா கிடையாது. 2021இல், மகெல்லன் வந்து 500 வருஷம் ஆனபோது, தாஹிமிக் இந்த மரச் சிற்பங்களை மாட்ரிட்டுக்கே கொண்டுபோனார். ரெத்தீரோ பூங்காவின் கண்ணாடி மாளிகையில் கண்காட்சி. அந்த மாளிகையைக் கட்டியதே 1887இல் நடந்த பிலிப்பைன்ஸ் பொருட்காட்சிக்காகத்தான். செடிகளோடு மனிதர்களையும் கொண்டுவந்திருந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், இகோரோட்களுக்குப் பூங்காவிலேயே ஒரு குடிசைக் கிராமம் போட்டு வேடிக்கை காட்டினார்கள். குளிரில் சிலர் அங்கேயே செத்தார்கள். பின்னாளில் பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகப் போற்றப்பட்ட எழுத்தாளர் ஹோசே ரிசால் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். 134 வருஷம் கழித்து அதே கூரையின் கீழ் மலைக்காற்றுத் தெய்வங்களும் மர்லின் மன்றோவும் மிக்கி மவுஸும் மரத்தில் நின்றார்கள். நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, போட்டோக்கள்தான்.

போன வாரம் கூயா பெட்டிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது என் போனில் அந்த முதுகு தேய்க்கும் காட்சியைக் காட்டினேன். சிரித்தார். முடிவு என்ன என்று கேட்டார். பிகாஃபெட்டா எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆனால் படத்தில் அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான், வயதாகி மரம் செதுக்குகிறான் என்றேன்.

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பத்து வருஷம் கழிச்சுப் போயிருக்கான். வெறுங்கையோடவா போய் நின்னான், பாரே?”